இன்ஸ்பெக்டர் ஒபிரி வீட்டு முன்வெளி

சனிக்கிழமை காலை சாவுக்குப் புறப்படும்போது கறுப்புத் துணியை இடது தோளில் மடித்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, செருப்பிலிருக்கும் செம்மண்ணைத் தட்டிவிட்டு, கடைசியாகக் காரின் பின்பெட்டியைத் திறந்து பார்ப்பார் ஒபிரி. உள்ளே சிவப்புப் பெயின்ட் டப்பா இருக்கிறதா, பிரஷ் காய்ந்து போகாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். "செத்தவருக்குத் துணி, கட்டுறவருக்குப் பெயின்ட்டு. ரெண்டும் கூடவே இருக்கணும்ப்பா" என்பார் யாராவது கேட்டால்.

நகராட்சியின் கட்டட இன்ஸ்பெக்டர் அவர். எங்கள் ஊரில் யார் எந்தக் கிழமை செத்தாலும் அடக்கமும் ஆட்டமும் சனிக்கிழமைதான். குமாசி நகருக்குப் போகும் சாலை முழுக்கக் கறுப்பும் சிவப்புமாக ஜனங்கள் சாவுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நகராட்சி ஆட்களும் போயாக வேண்டும். ஆகவே விதியை மீறிக் கட்ட நினைக்கிறவன் சனிக்கிழமையைத்தான் பார்த்திருப்பான். காலையில் இன்ஸ்பெக்டரின் கார் வளைவைத் தாண்டுகிறது. பத்து நிமிடத்தில் சிமென்ட் குழைக்கும் சத்தம் கேட்கிறது. ஒபிரிக்கு இது தெரியும். அதனால் சாவு வீட்டில் குடும்பத்தார் வரிசைக்குக் கைகொடுத்து, ஒரு பாட்டுக்கு இடுப்பை அசைத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வேறு வழியாக ஊருக்குள் திரும்பிவிடுவார். துக்கத் துணியோடு சந்துக்குள் அவர் இறங்கி வருவதைப் பார்த்து சட்டியும் கரண்டியுமாக ஓடிய கொத்தனார்கள் உண்டு.

அவரிடம் அளவு நாடா இருக்கிறது. ஆனால் நாடாவோடு வாதாடலாம், மூங்கிலோடு வாதாட முடியாது என்பது அவர் கட்சி. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே பக்கவாட்டில் எவ்வளவு காலியிடம் விட வேண்டுமோ அந்த நீளத்துக்கு வெட்டிய மூங்கில் ஒன்று வைத்திருக்கிறார். அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பார். இடிக்காமல் வந்தால் சரி. எங்கேயாவது சுவரில் முட்டினால் அப்படியே நின்று, வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்ப்பார். "வீடு மூச்சு விட வேணாமா? உன் மூக்க ரெண்டு பக்கமும் இப்படிப் பொத்தினா இருப்பியா?" அடுத்தது தீயணைப்பு வண்டி. "வண்டி வந்தா எங்க நிக்கும்? உன் கூரை மேலயா?" எங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வந்ததை நான் பார்த்ததில்லை. அது வருவதற்கான இடத்தை மட்டும் வீடு வீடாகக் காத்துவருகிறார்.

பெயின்ட்டை எடுத்துவிட்டால் அவசரம் கிடையாது. 'வேலையை நிறுத்து, அனுமதியைக் காட்டு' என்று எழுதி, தேதி போட்டு, கீழே ஒரு கோடு இழுப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். சந்தைக்குப் பின்னால் ஒரு மதுக்கடைக்காரர் அந்த எழுத்தை அழிக்க மனமில்லாமல் சுற்றிலும் சட்டம் அடித்து, கடைக்கே 'வேலையை நிறுத்து' என்று பெயர் வைத்துவிட்டார். சாயங்காலம் நல்ல கூட்டம்.

இவரை ஏமாற்றுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. முடிதிருத்தும் போவாமா முன்வெளியில் பலகைக் கடை போட்டபோது அதன் அடியில் நான்கு சக்கரம் மாட்டி, "இது கட்டடம் இல்ல அண்ணே, வண்டி" என்றான். ஒபிரி குனிந்து பார்த்தார். சக்கரங்கள் பாதிவரை சிமென்ட்டில் புதைந்திருந்தன. "நல்லது தம்பி. ஒரு தடவை உருட்டிக் காட்டு, நான் போயிடுறேன்." பாதி வெட்டிய தலையோடு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கூட இறங்கி வந்து தள்ளிப் பார்த்தார். கடை அசையவில்லை.

சிமென்ட் கல் வியாபாரி என்சியா இன்னும் ஒரு படி மேலே போனார். மலைக்கு அப்பால் இருக்கும் தன் பெரியப்பா போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினார். ஒபிரி துணி உடுத்தி, ஒரு புட்டி சாராயத்தோடு போய் இறங்கினால், பெரியப்பா வாசலில் உட்கார்ந்து ஃபுஃபுக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாராம். ஒபிரி உண்மையைச் சொன்னார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்து, "கையக் கழுவிட்டு உக்காருங்க. நான் போகும்போது கட்டாயம் சொல்லி அனுப்புறேன்" என்றாராம். இருவரும் சாராயத்தை முடித்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது என்சியாவின் கார்க் கொட்டகை கூரைவரை எழும்பியிருந்தது. மறுநாள் மாதா கோயிலிலிருந்து நேராகப் போய், கோட்டும் டையுமாக நின்று எழுதினார். கொட்டகை இறங்கியது. பெரியப்பாவுக்கும் அவருக்கும் இன்றுவரை நல்ல பழக்கம்.

இப்படிப்பட்டவரின் வீட்டு முன்வெளி எப்படி இருக்கும்? எதிர்ப்புறம் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு அது மனப்பாடம். கூட்டிப் பெருக்கிய செம்மண், அவ்வளவுதான். ஒரு பூத்தொட்டி கிடையாது. தெருப் பெண்பிள்ளைகள் கைதட்டிக் குதித்து ஆம்பே விளையாடுவது அங்கேதான், ஏனென்றால் தெருவில் வேறு யார் வீட்டுக்கும் முன்வெளி மிச்சமில்லை.

அந்த மண்ணுக்குத்தான் ஆபத்து வந்தது. அவர் மனைவி பிராகோ, சாலைச் சந்திப்பில் வேப்பமரத்தடியில் வள்ளிக்கிழங்கும் மீனும் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். மிளகாய்த் துவையலோடு அவள் தரும் கிழங்குக்காக லாரிகள் நிற்கும். கடைசி மகளின் நர்ஸ் படிப்பு அந்தச் சட்டியில்தான் வெந்துகொண்டிருந்தது. ஒபிரியின் சம்பளம் எப்போது வரும் என்று சம்பளத்துக்கே தெரியாது. சாலையை அகலப்படுத்தினார்கள். மரத்தை வெட்டினார்கள். ஓரத்தில் விற்றவர்களை எழுப்பிவிட்டார்கள். பிராகோ சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாள் முன்வெளியைப் பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அந்த மண்ணையே பார்த்து நிற்பாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய சொந்தத்தில் சுன்யானிப் பக்கம் ஒரு சாவு. இது நிஜச் சாவு. "முழங்கால் வலியோட நான் எப்படிங்க அவ்வளவு தூரம் வர்றது? நம்ம வீட்டு சார்பா நீங்க போய் நில்லுங்க. பாதியில எந்திரிச்சு வந்து என் மானத்த வாங்காதீங்க" என்று அவரை அனுப்பி வைத்தாள். தூரம் அதிகம் என்பதால் சொந்தக்காரர்களோடு பஸ்ஸில் போனார். அந்த ஒரு தடவை பெயின்ட் டப்பா வீட்டில் நின்ற காரிலேயே தங்கிவிட்டது.

பஸ் தெருமுனையைத் தாண்டியது. கொத்தனார் ஸகாரி ஆட்களோடு என்சியா வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்தார். கல்லை என்சியாவே முகம் கொள்ளாத சிரிப்போடு இறக்கிக் கொடுத்தார். பிராகோவின் முழங்கால் அன்று முழுக்க வலிக்கவே இல்லை. தண்ணீர் சுமந்தாள், மணல் சலித்தாள். சாயங்காலத்துக்குள் முன்வெளியில் தெரு எல்லையை ஒட்டி இடுப்பளவுக்கு அடுப்படிச் சுவர் எழுந்துவிட்டது. சாரத்துக்கு ஒரு கம்பு குறைந்தபோது யாரோ உள்ளேயிருந்து அந்த மூங்கிலையே எடுத்து வந்து கட்டிவிட்டார்கள்.

பஸ் திரும்பி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. என் கடையில் அன்றுபோல் ஒரே நேரத்தில் அத்தனை பேருக்குத் தலைவலி வந்ததில்லை. ஒபிரி இறங்கினார். சுவரைப் பார்த்தார். சாரத்தில் கட்டியிருந்த மூங்கிலைப் பார்த்தார். தோள் துணியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரு கட்டுறது இது?"

"நான்தான்" என்றாள் பிராகோ. கையெல்லாம் சிமென்ட்.

"அனுமதி?"

"வீட்டுக்காரர்கிட்ட கேக்கலாம்னு பாத்தேன். அவர் சாவுக்குப் போயிட்டாரு."

தெரு கொல்லென்று சிரித்தது. போவாமா கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான்: "அண்ணே, சக்கரம் வேணுமா? என்கிட்ட நாலு சும்மா கிடக்கு!"

ஒபிரி சிரிக்கவில்லை. காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தார். டப்பாவோடு அவர் திரும்பி வருவதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பிராகோ வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.

"எழுதுங்க இன்ஸ்பெக்டர். ஊர்ச் சுவத்துல எல்லாம் எழுதின கை, இங்க மட்டும் ஏன் நிக்கணும்? ஆனா எழுதி முடிச்சிட்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. ரோட்டோரம் உக்காராதேன்னதும் உங்க ஆபீஸு. வீட்டு முன்னால உக்காராதேங்கறதும் உங்க ஆபீஸு. நான் எங்க அடுப்பு வைக்க? ஆகாசத்துலயா? புள்ளைய பாதிப் படிப்புல கூட்டிட்டு வந்துடவா?"

அவர் எழுதினார். ஈர சிமென்ட்டில் பெயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. தேதி போட்டார். கீழே கோடு இழுத்தார். பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிராகோ மிச்சமிருந்த கற்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.  எனக்கு அந்த மனிதர்மேல் அன்றுபோல் ஆத்திரம் வந்ததில்லை. இத்தனை வருஷம் காத்த அந்தக் காலியிடம் இவருக்குச் சோறு போடுமா என்று வாய்விட்டே சொன்னேன். 

திங்கட்கிழமை நடந்ததை நகராட்சி எழுத்தர் வந்து சொன்னார். ஒபிரி தன் நாற்காலிக்குப் போகாமல், மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையில் வெயிலில் நின்றாராம். முறை வந்ததும், தன் வீட்டு ஹாலின் தெருப்பக்கச் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைக்கவும், ஹாலுக்குள் சாப்பாட்டுக் கடை நடத்தவும் அனுமதி வேண்டும் என்றாராம். எழுத்தர் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க, "சிரிக்கிறதுக்குக் கட்டணம் கிடையாது, முத்திரையப் போடு" என்றாராம்.

ஒபிரி வீட்டு ஹாலைப் பற்றிச் சொன்னால்தான் இதன் கனம் விளங்கும். மஞ்சள் மெத்தைச் சோபாக்கள், வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தலை சாயும் இடத்தில் வெள்ளைப் பின்னல் விரிப்பு. கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத கோப்பைகள். பாதிரியாரும், கல்யாணம் பேச வருகிறவர்களும் தவிர யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. ஒபிரியே வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விருந்தாளி மாதிரித்தான் உள்ளே போவார்.

"வெளிய ஒரு சாண் கிடையாது" என்று பிராகோவிடம் சொன்னார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. "உள்ள எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க."

"எவ்வளவு வேணும்னாலும்னா?"

அவர் குரல் இறங்கியது. "அலமாரிய மட்டும் விட்டுடேன்."

அலமாரியையும் விடவில்லை அவள். அது இப்போது படுக்கையறையில் இருக்கிறது. கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒபிரி பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பிராகோ வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள். முன்வெளிச் சுவரை ஸகாரியே பிரித்து, அந்தக் கற்களாலேயே ஹாலுக்குள் அடுப்பு கட்டிக் கொடுத்தார். மூங்கிலைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். மகள் விடுமுறைக்கு வந்து இரண்டு வாரம் மீன் செதில் உரித்துவிட்டுப் படிப்புக்கே திரும்பிப் போனாள்.

கடை நடக்கும்போது எல்லாச் சோபாக்களுக்கும் வீட்டுக்குள் இடமில்லை. ஒன்றை மட்டும் வெயில் தாழ்ந்ததும் முன்வெளிக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். இருட்டியதும் உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். சோபா கட்டடம் அல்ல என்று ஒபிரி விதியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதில் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை.

நேற்று பிராகோ சட்டியை இறக்குவதற்குள் கூட்டம் முன்வெளியில் நிரம்பி, வரிசை சோபாவில் வந்து முட்டியது. ஒபிரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். எழுந்து, சோபாவைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லாரி ஒன்று வந்து நின்றது. இன்னும் ஆறேழு பேர். மறுபடி எழுந்து, மறுபடி இழுத்தார். இந்தத் தடவை சோபாவின் முதுகு மதிலில் இடித்தது. இனிப் போக இடமில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றாள் கையில் கிண்ணத்தோடு வந்த ஒருத்தி, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.  இன்ஸ்பெக்டர் ஒபிரி செருப்பை உதறிவிட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணமிட்டு, பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.