கண் மூடாமல் உறங்கிய குழந்தை

வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்திவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் மறையவில்லை. அதன் விளைவை நான் நேரில் கண்டதால் இதை எழுதி வைப்பது கடமையாகிறது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, கல்வராயன் மலையில் உறவினர் திருமணம் முடிந்து, நானும் என் மகளும் கள்ளக்குறிச்சிப் பேருந்தில் மலையிறங்கிக்கொண்டிருந்தோம். மூடுபனியில் சன்னல்கள் வெளுத்திருந்தன. மகள் அரசு செவிலியர் தேர்வுக்குப் படிப்பவள். குழந்தை நோய்கள் பற்றிய அவளுடைய ஆங்கில நூலைப் பார்த்து, அறிகுறிகளை நான் தமிழில் சொல்வேன். நோயை அவள் கூற வேண்டும். பயணங்களில் எங்களுக்கு இதுவே பொழுதுபோக்கு.

“கண்கள் குழிந்திருக்கும். அழுதாலும் கண்ணீர் வராது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெல்லத்தான் மறையும். தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க இயலாது” என்று அடுக்கினேன்.

மகள் விடை சொல்லுமுன், முன்னிருக்கைப் பெண் திரும்பி என்னை உற்று நோக்கினாள். மடியில் எதையோ துணியால் முழுக்கப் போர்த்தியிருந்தாள்.

“சாமி, மூடிக்கினுதான வர்றேன். உள்ள கெடக்கிற புள்ளைய நீங்க எப்பிடிப் பாத்தீங்க?”

அவள் துணியை விலக்கினாள். குழந்தை அரைக்கண் திறந்தபடி உறங்கிற்று. ஈ ஒன்று இமைமேல் ஊர்ந்தது; இமை அசையவில்லை. நான் படித்த பக்கமே அவள் மடியில் கிடப்பது போலிருந்தது.

பறவையின் நிழல் பட்ட தோசம் என்று ஊரில் சொன்னார்களாம். அடிவாரத்தில் இறங்கி மந்திரிப்பவரிடம் போவதாகக் கூறினாள்.

“தண்ணி குடுத்தா ஜாஸ்தியா போவுதுன்னு நிறுத்திட்டேங்க. இப்ப அழுவறதே இல்ல, தேவலைன்னு நெனச்சேன்.”

மகள் எழுந்து சென்று குழந்தையின் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு அப்படியே நின்றது. உதட்டில் விட்ட தண்ணீர் கடைவாயில் வழிந்தது. உடலில் நீர் வற்றிவிட்டது, நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணோ அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“சாமி வாயால சொல்லட்டும்” என்றாள்.

குறி சொல்வதில் எனக்கு என்றும் நம்பிக்கை இருந்ததில்லை. நூலைக் காட்டி விளக்க முற்பட்டேன். மகள் என் கையை அழுத்தினாள்.

“அப்பா, வெளக்கமெல்லாம் அப்புறம். நீங்களே சொல்லிடுங்க.”

“மருத்துவமனைக்குப் போ அம்மா. இடையில் இறங்காதே” என்றேன். என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது.

அடிவாரத்தில் நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவினார். அவள் பாதி எழுந்து என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் எனத் தலையசைத்தேன். பேருந்து மீண்டும் நகர்ந்தது. அவள் அமர்ந்துகொண்டாள்.

அரசு மருத்துவமனையில் உடனே நரம்பு வழியே நீர் ஏற்றினர். பிற்பகலில் உள்ளிருந்து ஒரு மெல்லிய அழுகை கேட்டது. அந்தத் தாய் ஓடிவந்து என் காலைத் தொட முயன்றாள். யாவும் நூலில் உள்ளவையே என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன், அவள் நம்பவில்லை.

“பரீட்சை எழுதப் போறது நானு, பேரு மட்டும் உங்களுக்கா?” என்று மகள் சிரித்தாள்.

என்னால் சிரிக்க இயலவில்லை. அறிவு சொன்னதை ஏற்காத அந்தத் தாய், அச்சம் சொன்னதை ஏற்றாள். அந்த அச்சத்தைக் கலைக்காமல் நான் விளக்கம் சொல்லாமல் விட்டதால்தான் ஓர் உயிர் தங்கியது என்பது இன்றும் என்னைக் கலக்குகிறது. மருத்துவச் செய்திகளில் பிழை காணும் செவிலியரும் மருத்துவரும் அன்புகூர்ந்து திருத்தி உதவுக.