கடைசிச் சீரில் ஒரு குதி

பள்ளி ஆண்டு விழாவில் நடக்கும் ஒப்பித்தல் போட்டிக்காக, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஒரு பாட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்து போவதைப் பற்றி அவளுடைய டீச்சரே எழுதியது. நான் தமிழ் இலக்கியம் படித்தவள். மனப்பாடம் செய்யவைக்கும் முன் சீர், அசை பிரித்து அலகிட்டுப் பார்த்தேன்.

“ஒண்ணாப்புப் பிள்ளைக்கு யாப்பிலக்கணமா? நடத்து, நடத்து” என்றார் கணவர்.

முதல் கண்ணியின் முதல் வரி, “கரையின் மேலே காலை வெயில்.” இரண்டாவதில், “மரத்தின் கீழே மாலை நிழல்.” கரைக்கும் மரத்துக்கும் எதுகை. கரை, காலை என்றும் மரம், மாலை என்றும் மோனை. குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று கண்ணிகளும் “சேர்ந்து நடப்போம், சேர்ந்து நடப்போம்” என்றே முடிந்தன. எனக்குப் பயம் அங்கேதான். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், எந்தக் கண்ணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் பிள்ளை மேடையில் திணறிவிடுவாள்.

காலையில் கண்மாய்க்கரை வழியாக ஸ்கூல் வேனுக்கு நடக்கும்போது சொல்லிக்கொடுத்தேன். சீருக்கு ஓர் எட்டு வைத்து நடந்தேன், வரிக்கு நான்கு. என் ஓர் எட்டு அவளுக்கு இரண்டு. அவள் சீரை உடைத்து, கரை-யின், மே-லே என்று அசைக்கு ஓர் எட்டு வைத்தாள். ‘வெயில்’ ஓரசைதான். ஒரு கால் மிஞ்சியது. அதற்குச் சொல் இல்லாததால் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள்.

“மேடையில இப்படிக் குதிக்கக் கூடாது” என்றேன். தினமும் சொன்னேன்.

விழாவன்று முதல் கண்ணி குதிக்காமல் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் “மாலை” என்றவள் நின்றுவிட்டாள். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த நான், என்னை அறியாமல் செருப்பால் தரையைத் தட்டினேன். என் நடைக்கு அல்ல, அவள் நடைக்கு, சீருக்கு இரண்டாக. பக்கத்தில் இருந்த வேறொரு பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். “நிழல்” என்று சொல்லி அவள் குதித்தாள். கூட்டம் சிரித்தது. அதன்பின் மூன்றாவது கண்ணியிலும் குதித்து, ஒரு சொல் விடாமல் முடித்தாள். பரிசு கிடைக்கவில்லை.

நான் தட்டியதை நடுவர் பார்த்திருப்பாரோ, அதனால்தானோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கரையில் ஏறியதும் கேட்டேன்.

“ஏன்டி நின்னுட்ட? மறந்துபோச்சா?”

“மறக்கல. நீதான குதிக்கக் கூடாதுன்ன. குதிக்கவா வேணாமான்னு யோசிச்சேன்.”

பிறகு, “நீ எதுக்குமா தட்டுன?” என்றாள்.

அவள் பாட்டைச் சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். அவளுடைய எட்டுக்கு என் எட்டைச் சுருக்கி வைத்துப் பார்த்தேன். வரியின் கடைசியில் எனக்கும் ஒரு கால் மிஞ்சியது.