நாலு முடி சொன்னது

வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'நாலு முடி'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். யார் வந்து எந்தக் கலர் கேட்டாலும் அவள் உடனே தலையாட்டியதில்லை. பிடரியில் நாலு முடியைக் கத்தரித்து, நூலால் கட்டி, முடியை வெளுக்கும் பசையில் ஊறவைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அந்த அரை மணி நேரம் பொறுக்காமல் எதிர்க் கடைக்கு எழுந்து போனவர்கள் உண்டு. துண்டு துவைக்கும் வேலையில் தொடங்கிப் பதினெட்டு வருடத்தில் இரண்டு நாற்காலி போட்ட கடைக்குச் சொந்தக்காரியானவள் அவள். போனவர்களுக்காக வருத்தப்பட்டதே இல்லை.

"முடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? ராக்கெட்டா விடறீங்க?" என்று வீட்டில் கிண்டல் செய்துகொண்டிருந்தவள் கணவனின் தங்கை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். வருடக்கணக்காகத் தன் முடிக்குத் தானே சிவப்புச் சாயம் பூசிக்கொள்பவள். அண்ணியின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அந்த வியாழக்கிழமைதான் முதல் தடவை. சனிக்கிழமை அவளுக்குப் பதிவுத் திருமணம், இரண்டாவது திருமணம்.

"சிவப்பு அப்படியே இருக்கணும் அண்ணி. நடுநடுவுல தங்கக் கம்பி இழுத்த மாதிரி வேணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? சரி, இதுவரைக்கும் தலையில என்னென்ன போட்டிருக்க?"

"சிவப்பு மட்டும்தான்."

"வேற?"

"இது என்ன போலீஸ் ஸ்டேஷனா? சிவப்பு மட்டும்தான்னு சொல்றேன்ல."

பக்கத்து நாற்காலியில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரம்மா சிரித்தார். "நீ சொல்றதெல்லாம் இவ காதுல ஏறாதும்மா. நான் வீட்டுல திருட்டுத்தனமா ரெண்டு கத்தரி போட்டதையே கண்டுபிடிச்சவ இவ."

நாலு முடி கத்தரிக்கப்பட்டது. அரை மணி நேரம் கழித்து, அலசிய முடியை ஜன்னலோரம் வெள்ளைத் துணிமேல் நீட்டி வைத்தாள் அண்ணி. தங்கையும் எட்டிப் பார்த்தாள். வேர்ப் பக்கம் தேன் நிறம். அதற்குக் கீழே ஆரஞ்சு. அதற்கும் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல், திடீரென்று நனைந்த செங்கல்லின் கருஞ்சிவப்பு. அங்கே பசையின் பாச்சா பலிக்கவே இல்லை.

அண்ணி ஒரு ஸ்கேலை அந்த முடியோரம் வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. "மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்... இருபத்தாறு." பிறகு குனிந்து, பேக்கரிக்காரம்மா காதில் விழாதபடி சொன்னாள்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கறுப்பு போட்டிருக்க."

தங்கை சட்டென்று பேக்கரிக்காரம்மா பக்கம் பார்த்தாள். அது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதல் கணவனுக்குச் சிவப்பு முடி என்றாலே ஆகாது. பிரிந்து ஒரு வருடம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் முடி முழுவதையும் கறுப்பாக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். வாசலில் இன்னொருத்தியின் செருப்பு கிடந்தது. மணி அடிக்காமலே திரும்பி வந்து, மறுவாரமே கறுப்பின்மேல் சிவப்பைப் பூசி மூடினாள். கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. நாலு முடி சொல்லிவிட்டது.

"இது தெரியாம பூசியிருந்தா கீழ்ப்பாதி கையோட வந்திருக்கும். சனிக்கிழமை தொப்பி போட்டுக்கிட்டுதான் கையெழுத்துப் போட்டிருப்ப."

"அப்போ... முடியாதா அண்ணி?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? கறுப்பு இருக்கிற பக்கம் போகாம வேலை செய்யணும். அசையாம உக்காரு."

அண்ணி வேலையில் இறங்கினாள். சீப்பின் வால் முனையால் நூல் பிரிப்பதுபோல் மெல்லிய இழைகளைப் பிரித்தெடுத்துத் அலுமினியத் தாளில் வைத்து, பசை பூசி மடித்தாள். தலைச் சூட்டில் வேர் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் இரண்டு விரல் இடம் விட்டுத் தொடங்கினாள், வேரைக் கடைசியில்தான் தொட்டாள். கறுப்புக் கோட்டுக்கு மூன்று விரல் மேலே வந்ததும் தூரிகை தானாகவே லேசானது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மடிப்பைத் திறந்து, கட்டைவிரலால் பசையை வழித்துப் பார்த்து மூடினாள். அந்த விரலின் நகம் எத்தனை கழுவினாலும் போகாத பழுப்பு.

அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் தங்கை அலறினாள். "ஐயோ அண்ணி! பரங்கிக்காய்!"

"பாதி வெந்ததைப் பார்த்துப் பயந்தா பன்னு திங்க முடியுமா?" என்றார் பேக்கரிக்காரம்மா.

அந்தப் பளிச்சை அடக்க அண்ணி ஊதா நிறத்தில் ஏதோ ஒரு பசையைக் குழைத்து இழை இழையாகத் தடவினாள். கடிகாரத்தையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்போ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீரைத் திறந்தாள். பிறகு உலர்த்தினாள்.

தங்கை கண்ணாடிக்கு அருகே குனிந்தாள். சிவப்புக்கு உள்ளேயிருந்து தங்கம் எழுந்து வந்திருந்தது. தலையைத் திருப்பினால் அது ஓடியது, நிறுத்தினால் நின்றது. கீழே போகப் போக அணையாத கங்குபோல் சிவந்து அடங்கியது. எங்கே தங்கம் முடிகிறது, எங்கே சிவப்பு தொடங்குகிறது என்று விரலால் தேடிப் பார்த்தாள், பிடிபடவில்லை. இரண்டு டன் சரக்கை ஐந்தாவது தட்டில் ஒரு விரல் இடைவெளியில் இறக்கி வைக்கிறவள் அவள். கைவேலையில் சுத்தம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் ஒரே சாப்பாட்டு மேசையில் இந்தக் கை தனக்குச் சோறு போட்டிருக்கிறது, தான் அதை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று இருந்தது.

"ஏன் கறுப்பு போட்டேன்னு கேக்கவே இல்லையே அண்ணி."

"கேட்டா கலர் நல்லா ஏறுமா?" அண்ணி அவள் தோளிலிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். "எழுந்திரு. இவங்க தலை காயுது."

தங்கை எழுந்தாள். வாசல் வரை போனாள். பிறகு திரும்பி வந்து, சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இவங்களுக்கு முடிச்சுட்டு வாங்க. நான் இருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."