எதற்கெல்லாம் தரமாட்டீர்கள் என்று கேட்டவர்

"உங்கள் மகன் வண்டியிலிருந்து விழுந்தால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை, அந்த மகனின் தாயிடம் எப்படிச் சொல்லி முடிப்பது? எனக்குத் தெரியவில்லை. எஸ்தருக்கும் முதல் முறை தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் கல்லூரி அலுவலக உதவியாளர் முரளி போனில் அழைத்தார். "மேடம், எஸ்தர் மேடம்" என்றார். மீதியை நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

எஸ்தர் வணிகவியல் துறை, நான் பொருளியல். ஆசிரியர் அறையில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை. அவரிடம் படித்தவர்களுக்கும் கூடப் பணிபுரிந்தவர்களுக்கும் அவர் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரைப் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களோடு பேசுவார். யார் வண்டிக்குப் பாலிசி முடியப் போகிறதோ அவர் எஸ்தரிடம் வந்துவிடுவார். பிரீமியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனதால் வருகிறவர்களும் கூடிக்கொண்டே போனார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். சொன்னதில்லை.

அவர் விலையை முதலில் கேட்கமாட்டார். "எதுக்கெல்லாம் தரமாட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்பார். ஒருமுறை கம்பெனியிலிருந்து பேசிய ஒரு பெண், இந்தத் தள்ளுபடி இன்றைக்கு மட்டும்தான் என்று அவசரப்படுத்தினாள். "அப்ப நாளைக்குப் பேசலாம்மா" என்று எஸ்தர் வைத்துவிட்டார். மறுநாள் அதே பெண் தானே கூப்பிட்டாள், அதே தள்ளுபடியோடு.

என் ஸ்கூட்டருக்கு நான் யாரையும் கேட்காமல் போனில் முதலில் கண்ணில் பட்ட மலிவான பாலிசியை எடுத்தேன். எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். எஸ்தர் அதை வாங்கிப் படித்தார். வண்டி திருடுபோனால் தருவதாகச் சொன்ன தொகை, முந்தைய ஆண்டில் இருந்ததில் பாதிதான். "அவன் விலையைக் குறைக்கலைம்மா, உன் வண்டியைக் குறைச்சிருக்கான்" என்றார். அதன் பிறகு நானும் அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

முரளி தாமல் கிராமத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவர். மாலையில் உணவுப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் பார்க்கிறார். மனைவி நிறைமாதம். வண்டி அவருடைய அம்மா அம்சவேணி பெயரில் இருந்தது. சீட்டுப் பணத்தில் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அம்மா பெயரில் எடுத்தால் ராசி என்றும் வீட்டில் நினைத்தார்கள். இப்படி அம்மா பெயரில் ஓடும் வண்டிகள் எங்கள் ஊரில் ஏராளம்.

எஸ்தர் அந்த வண்டியின் பாலிசியைப் பார்த்துவிட்டு, உங்க அம்மா வண்டி ஓட்டுவாங்களா என்று முரளியிடம் கேட்டார்.

"பின்னாடி உக்காரவே மாட்டாங்க மேடம். பயம்."

"லைசென்ஸ்?"

முரளி சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை. வண்டியின் உரிமையாளருக்கு உயிர்போனால் பணம் தரும் பகுதி, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான் பொருந்தும். "வண்டியே ஓட்டாத அம்மாவுக்கு வருஷா வருஷம் கட்டிக்கினு இருக்கியேப்பா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு ஒரு ரூபா வராது."

முரளி போன பிறகு, அவர் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்கலாமே என்றேன். "எடுக்கலாம். எடுப்பானா?" என்றார் எஸ்தர். எடுக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். வண்டியை முரளி பெயருக்கு மாற்றுவதுதான் வழி. அம்மாவிடம் கேட்க முரளிக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு மாலை நாங்கள் இருவரும் தாமலுக்குப் போனோம். அம்சவேணி டீ கொடுத்தார். எஸ்தர் மெல்லத் தொடங்கினார்: "அக்கா, முரளி வண்டியில போறப்ப ஏதாவது ஒண்ணு..."

"வெளக்கு வெக்கிற நேரம்மா. அந்தப் பேச்சு வேணாம்." கோபம் இல்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்த வண்டி என் பேர்ல இருக்குது. அதனாலதான் அவன் பத்திரமா வந்துக்கினு இருக்கான்."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி எஸ்தர் சொன்னார்: "அந்த நம்பிக்கைதான் அவங்க பாலிசி, அதுல நான் கை வெக்கலம்மா. நம்ம பாலிசியும் கூட இருக்கட்டும்னுதான் சொல்ல வந்தேன்."

ஞாயிறன்று அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்ட வாசலில் அம்சவேணி நின்றிருந்தார். நான் கேட்காமலே சொன்னார். போன வாரம் ஒரு காலையில் எஸ்தர் தனியாகத் தாமலுக்கு வந்திருக்கிறார். வண்டியைப் பற்றியோ முரளியைப் பற்றியோ பேசவில்லை. தன் அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். கூலி வேலைக்குச் சைக்கிளில் போனவரை லாரி அடித்துக் கொன்றுவிட்டது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பணம் கேட்கலாம் என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. எஸ்தரின் அம்மா நடவுக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார்.

"என் புள்ள பேரை அந்தம்மா வாயில எடுக்கவே இல்ல. அவங்க அப்பா கதையைச் சொன்னாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. திங்கக்கிழமை நானே வந்து பேர் மாத்தக் கையெழுத்துப் போடறேன்னு அவங்க கிளம்பறப்பவே சொல்லிட்டேன்."

அத்தனை ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எஸ்தர் இந்தக் கதையைச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. அந்த ஸ்பீக்கர் சத்தத்தை ஒரு பழக்கதோஷம் என்றே நினைத்திருந்தேன். இறந்தவர்களைப் பெரியவர்களாக்கிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எஸ்தர் அடுத்தவர் காரியத்தில் தலையிடுபவர்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: முதல் முறை கதவு சாத்தப்பட்டால், வேறொரு நேரத்தில், தன்னிடம் உள்ள எதையாவது எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போவது. எனக்கு அது எளிதில் வராது.

மறுநாள் திங்கட்கிழமை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நானும் போனேன். அம்சவேணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார், பஸ்ஸில். முரளி வண்டியில் வந்து எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். காட்டிய இடத்திலெல்லாம் அம்சவேணி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கவுண்டரில் இருந்தவரிடம், இனிமேல் இது யார் வண்டி என்று கேட்டார். உங்க பையனோடதும்மா என்றார் அவர்.

அம்சவேணி மகன் பக்கம் திரும்பினார். "அப்ப பெட்ரோலுக்கு இனிமே என்கிட்ட வந்து நிக்காதே."