எசென்குல் கொடுத்த பங்கு

கிர்கிஸ்தானில் கோச்கோர் என்ற ஊருக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் இடையே இருபது வருடமாக வேன் ஓட்டும் எசென்குலுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஊராரின் வெண்ணெய், மாமியார்கள் மகள்களுக்கு அனுப்பும் மெத்தை, ஒரு முறை உயிருள்ள வான்கோழி, எல்லாம் அவர் வண்டியில் சும்மாவே போய்ச் சேரும். "இது வண்டியா, சந்தையா?" என்று மனைவி கேட்டால் சிரிப்பார்.

நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. தினமும் நான்கு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு ரத்தம் கொடுத்தால், நோயின் அடையாளம் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று தாளில் வரும். மூன்று வருடமாக 0.1க்குக் கீழே கிடந்த எண், இந்த முறை 1.8.

"இந்த மருந்து கேக்காமப் போச்சுன்னா அடுத்த மருந்துக்கு நான் எங்க போவேன் அண்ணே?" என்றார் டாக்டர் நூர்ஜமால். "ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒரு நாள் தவறலை தங்கச்சி."

அது பொய்யில்லை. எத்தனை மாத்திரை என்று டாக்டர் கேட்கவில்லையே.

டாக்டர் தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுமேல கை வச்சு, நாலும் போட்டேன்னு சொல்லுங்க."

ரொட்டியின்மேல் பொய் சொல்லும் கிர்கிஸ்காரன் இன்னும் பிறக்கவில்லை. எசென்குலின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

டாக்டர் இன்னொரு தாளை எடுத்தார். "சால்கின் டீச்சர். உங்க தெருதான், உங்க நோய்தான். மருந்துக்கு அனுமதியே வரலை. ஆனா மூணு மாசத்துல அறுபத்திரண்டு சதவீதம் முப்பத்தஞ்சாயிருக்கு. காத்தைக் குடிச்சா இறங்குமா?"

"இறங்கிருச்சா!" எசென்குல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"உக்காருங்க!"

"ரெண்டு சின்னப் பிள்ளைங்க அவளுக்கு. ஆடு அறுத்தா பக்கத்து வீட்டுக்குப் பங்கு போகாம நாங்க தின்னதில்ல..."

"மாத்திரை ஆட்டுக்கறியா? பாதி மருந்துல நோய் சாகாது அண்ணே, பழகிக்கும். உங்களையும் விடாது, அவளையும் விடாது."

திட்டும்போதே டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து, அனுமதி தரவேண்டிய ஆபீசைப் போனில் ஒரு பிடி பிடித்தார். பத்தாம் நாள் டீச்சருக்கு மருந்து வந்தது. எசென்குலும் பழையபடி நான்கு மாத்திரை போட்டார்.

மூன்று மாதம் கழித்து இரண்டு தாள்களும் வந்தன. எசென்குல் டீச்சருடையதைத்தான் முதலில் பிடுங்கினார். "நாலு சதவீதம்! நாலுதான் இருக்கு!"

"உங்களதைப் பாருங்க."

"நீயே படி தங்கச்சி."

"புள்ளி ரெண்டு. இறங்கிருச்சு அண்ணே."

எசென்குல் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அவளுக்குக் குடுத்த நாள்லேருந்து பயந்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.