அட்டவணைக்காரர் விரட்டிய வைரஸ்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கட்டடத்துக்குக் கட்டடம் ஒரே பட்டப்பெயர்தான்: அட்டவணை. லிஃப்டின் பராமரிப்பு அட்டையில் தேதி போட்டு, டிக் அடித்து, கையெழுத்திடாமல் அவர் கீழே இறங்கியதில்லை. அதோடு விட்டாரா? முப்பது வயதில் தன் உடம்புக்கும் ஓர் அட்டை போட்டுக்கொண்டார். பச்சைத் தண்ணீர்க் குளியல், எண்ணெய் இல்லாத சாப்பாடு, தினம் ஐந்து மாடி படியேற்றம். குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய அட்டையில், இருபது வருடமாக ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

"லிஃப்ட்ட ரிப்பேர் பண்றவர் படியில போறாரு. ஏற அவருக்கே பயம்போல!" என்று வாட்ச்மேன்கள் சிரிப்பார்கள்.

போன வருடம் ரத்த தானம் செய்யப் போன இடத்தில், அவர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் எப்போதோ வந்துபோன தடயம் இருப்பது தெரிந்தது. தடயம்தான், வைரஸ் இல்லை. மருந்தே இல்லாமல் தானாகப் போயிருந்தது. கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பார்த்தால், மூன்று வயது மூத்த அக்காவின் உடம்பில் அது இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டரம்மா.

"தானாப் போச்சாம்! இருபது வருஷம் விரட்டியிருக்கேன், தானாவா போகும்?" என்று அட்டவணை மீசையைத் தடவினார். கையோடு அக்காவுக்கும் ஓர் அட்டை தயாரானது.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. ஆனாலும் தம்பி சொன்னபடி விடியலில் நடுங்கிக்கொண்டே குளித்தாள். ஞாயிறுதோறும் அவர் வந்து அட்டையைச் சரிபார்ப்பார்.

மூன்றாவது மாதம் கையெழுத்திடப் பேனா தேடி அவளுடைய மேசை டிராயரைத் திறந்தார். தையல் சாக்குக்கட்டிகளுக்குப் பின்னால் மாத்திரை டப்பாக்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னக்கா இது?"

"நீ மாத்திரை தின்னா விரட்டுன? உனக்குப் போனது எனக்குப் போகாதா? அட்டைய முடிச்சிட்டுப் பாக்கலாம்னு இருந்தேன்."

தன்னை மெச்சிக்கொள்ளப் போட்ட அட்டை, அவளை மாத்திரை தொடவிடாமல் செய்திருக்கிறது. மறுநாளே அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினார். அட்டையையும் மறக்கவில்லை.

டாக்டரம்மா அதை முழுசாகப் படித்தார். "நல்ல பழக்கம்தான். ஆனா வைரஸ் இதைப் படிச்ச மாதிரி தெரியலையே! ஆமா, சின்ன வயசுல ஊசி ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?"

அக்கா முந்திக்கொண்டாள். "இவனுக்கு ஒம்பது, எனக்குப் பன்னெண்டு. ரெண்டு பேருக்கும் காய்ச்சல், ஒரே ஊசியால குத்துனாங்க. கொஞ்ச நாள்ல இவனுக்கு மஞ்சக் காமாலை. எனக்கு ஒண்ணும் வரல, நான்தான் கெட்டின்னு நெனச்சேன்."

"அப்பவே தொத்தியிருக்கலாம். தானாப் போறதா இருந்தா, பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துலயே போயிடும். அந்த ஆறு மாசம் தம்பி என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?"

"சர்க்கரை டப்பாவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டிருந்தான். ஏன்டா, அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிச்ச?"

அட்டவணை அட்டையை மெல்ல மடித்தார். "அப்ப நான் ஒண்ணுமே செய்யலையா டாக்டர்?"

"செஞ்சீங்களே. சரியாப் பொறந்தீங்க," என்று சிரித்தார் டாக்டரம்மா. "வைரஸ் நுழைஞ்சதும் உடம்பு எச்சரிக்கை மணி அடிக்கும். அது எப்படி அடிக்குதுங்கறதுல மரபணுவுக்கும் பங்கு இருக்கு. அப்பாகிட்டருந்து ஒரு பிரதி, அம்மாகிட்டருந்து ஒரு பிரதி. கூடப்பிறந்தவங்களுக்கும் அதே ஜோடி வரணும்னு இல்ல. அது மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது. ஆனா அட்டை காரணமில்ல. நாப்பது வருஷமா போகாதது இனிமே தானாப் போகும்னு காத்திருக்காதீங்க. மாத்திரை போட்டா அநேகமாப் போயிடும்."

வீட்டுக்கு வந்ததும், அக்காவின் அட்டையில் தான் எழுதிய எல்லா வரிகளையும் ஸ்கேல் வைத்து அடித்தார். ஒரே ஒரு வரி புதிதாக எழுதினார்: மாத்திரை. எண்பத்து நான்கு கட்டங்கள். டப்பாவையும் அவரே பிரித்தார்.

அக்கா மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினாள். "பச்சத் தண்ணியா, வெந்நீரா? அட்டவணை உத்தரவு என்ன?"

"ஏதோ ஒரு தண்ணி. முழுங்குக்கா."

விழுங்கினாள். முதல் கட்டத்தில் டிக் அடிக்க அவர் பேனாவை எடுத்தார். அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இத நான் அடிக்கிறேன். உனக்குத்தான் சும்மாவே போயிடுச்சே!"