நிறைகுடத்தில் ஐந்து மீன்கள்

ஏரி உடைந்து எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, மூன்று நாள் கம்பெனி பஸ் வராமல் போனதே, அந்த மழைக்கு அடுத்த சித்திரையில்தான் நாங்கள் வீடு மாறினோம். தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மருமகளுக்கு வளைகாப்பு முடிந்து, அவளை வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். வளையல் அடுக்க இரவல் வாங்கிய தாம்பாளத்தைக் கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள். புதன்கிழமை. கிழமை மட்டும் மறக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்போது இருங்காட்டுக்கோட்டையில் மாடியில் குடியிருந்தோம். நான், என் பெண்சாதி, மகன், மருமகள். எங்களோடு ஐந்து மீன்கள். மீன்கள் மருமகளுடையவை. கல்யாணத்துக்கு முன்பு அவள் செல்போன் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பெண்கள். அந்த அறையில் பிஸ்கட் டப்பாவில் மீன் வளர்த்தவள் அவள். வார்டன் வந்தால் டப்பா மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிவிடுவாளாம். அந்த டப்பாவில் இருந்த ஒன்று எங்கள் வீடு வரைக்கும் வந்தது. மற்ற நான்கையும் போல அதுவும் ஆரஞ்சு நிறம்தான், ஆனால் வால் நுனி மட்டும் கறுப்பு. தொட்டிக்கு அதுதான் பெரிய மனுஷன்.

அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் என் மகனிடம் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "மாமா, மீன பாத்துக்கோங்க. அவரு டூட்டி டூட்டின்னு மறந்துடுவாரு." சரிம்மா என்றேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் வருவாள். என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, உடனே தொட்டியைக் காட்டச் சொல்லி எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் போன பிறகுதான் வீட்டுக்காரர் வந்து, மகள் குடும்பம் வருகிறது, மாதக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற குடும்பம் வீடு மாறக்கூடாது. பால் காய்ச்சக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. சம்பந்தியம்மா இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு.

"அவ காதுக்கு போவக் கூடாது" என்றாள் என் பெண்சாதி. "தலைப்பிரசவம். பயந்துகினு கெடப்பா. அவங்கம்மா தெருவுல நின்னு கத்தும்."

"ஆறு மணிக்கு வீடியோல வருவாளே?"

"அதுக்குள்ள தொட்டிய வெச்சிடு. மீனத்தான் பாக்குறா, உன் மூஞ்சையா பாக்குறா?"

ஒரகடம் தாண்டி, வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே போகிற ஊரில் மகன் வீடு பிடித்தான். தரைவீடு. ஆனால் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. காலை ஷிப்ட், அதன் மேல் ஓவர்டைம். கம்பெனிக்குள் போனால் போன் லாக்கரில். முந்தின நாளே மீன்கடைக்காரரிடம் கேட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தான். ஒரு நாள் தீனி போடாதே. பழைய தண்ணீரை இரண்டு கேனில் பிடி. மீனைக் கவரில் விட்டு, காற்று நிரப்பிக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வை. ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டி ஓரத்தில் வை, தண்ணீருக்குள் ஐஸைப் போடாதே. பெட்டியையும் அவனே கொண்டுவந்தான். மார்க்கெட்டில் மீன் விற்கிறவரிடம் வாங்கியது. கழுவியிருந்தான். அப்படியும் திறந்தால் வஞ்சிர வாடை.

"செத்த மீனு பொட்டிலயா உசுரு மீன வெக்கப் போற?" என்று என் பெண்சாதி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வாடை பெரிதில்லை. கவர்தான் பிடிக்கவில்லை. நான் பதினோரு வருஷம் புதுக் கார் நிறுத்துகிற யார்டில் வாட்ச்மேன். ஓட்டாத கார்கள், வரிசை வரிசையாக, வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும். ஒரு தடவை சூப்பர்வைசர் கதவைத் திறந்து சீட்டு மேல் இருந்த பேப்பரை எடுக்கச் சொன்னார். பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டில் கையை ஊன்றினேன். அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது, இரண்டு நாள் கை எரிந்தது. அந்த யார்டில் என் கூண்டும் தகரம்தான். அங்கே எனக்குக் குளிர்ச்சி என்றால் ஒரு பித்தளைச் செம்பு. ஈரத்துண்டைச் சுற்றி வைத்தால் மதியம் மூன்று மணிக்கும் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். பிளாஸ்டிக் கொல்லும், பித்தளை காக்கும். எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை அவள் நிறைகுடம் தயார் செய்தாள். பால் காய்ச்சாவிட்டாலும் முதலில் வாசலில் நுழைய வேண்டியது நிறைகுடம் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம், முகம் பார்க்கலாம். எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"இந்தா, அந்த கொடத்துலயே மீன வுட்டா இன்னா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்தாள். "உசுரோட உள்ள போனா நல்லதுதான்யா. வுடு."

தொட்டித் தண்ணீரை ஊற்றி ஐந்தையும் விட்டேன். மிச்சத்தை இரண்டு கேனில் பிடித்தேன். அதையாவது மகன் சொன்னபடி செய்தேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய குட்டியானை வண்டி பத்தரைக்கு வந்தது. புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம், கிழமை மறக்காதது அதனால்தான். அதற்குள் வீட்டில் கால் வைக்க வேண்டும். டிரைவர் தென்பக்கத்துக்காரர். அவரோடு நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். குடம் அவள் மடியில், ஈரத்துண்டு சுற்றி.

"என்னத்தய்யா வச்சிருக்கீக, பால் குடமா?"

"மீனு" என்றேன்.

"கொழம்புக்கா?"

"உன் வண்டிய ரோட்ட பாத்து ஓட்டுப்பா" என்றாள் அவள்.

ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஓடினோம். பிறகு கார் ஏற்றிப்போகிற டிரெய்லர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முன்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று. ஜன்னல் வழியாக அதன் இன்ஜின் சூடு வேறு. அவள் மணி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் குடத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இருட்டு. துண்டை மறுபடி நனைத்தேன். தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் கையால் தண்ணீரைக் கலக்கினேன். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. வால் நுனி கறுப்பு.

மகனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, லாக்கருக்குள் யார் எடுப்பார்கள்? மீன்கடைக்காரரின் நம்பரை அவன் என் போனில் ஒன்பதாம் பொத்தானில் வைத்துக் கொடுத்திருந்தான். அதை அழுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுல வெச்சிகீறீங்க?"

"பித்தளைக் கொடத்துல."

"புளி போட்டு தேச்சீங்களா?"

"பளபளன்னு."

"யோவ் பெரியவரே! மீனுக்கு அது வெஷம்யா. செம்பு, பித்தளை எதுவும் ஆவாது. பழைய தண்ணி இருக்கா? பிளாஸ்டிக்கோ தெர்மோகோலோ, எதுலனா ஊத்தி ஒடனே மாத்து!"

நான் அவளைப் பார்த்தேன். மணி பதினொன்றே முக்கால். அங்கிருந்து நேராகப் போனால் நேரத்துக்குச் சேரலாம். நிறுத்தினால் ராகு காலம். அவள் குடத்தைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள்.

"ஓரம் கட்டுப்பா" என்றாள்.

டிரைவர் ஷேர் ஆட்டோக்காரர்கள் நிற்கிற புங்கமரத்தடியில் வண்டியைச் சொருகினார். ஒரு கேன் தண்ணீரைத் தெர்மோகோல் பெட்டியில் கவிழ்த்தோம். மீனைக் கையால் அள்ளி அள்ளி விட்டோம். டிரைவர் அட்டைத் துண்டால் தண்ணீர் மேல் விசிறினார். "சாமி, எந்திரிடா. எந்திரிடா சாமி" என்று சொல்லிக்கொண்டே விசிறினார், பெற்ற பிள்ளைக்குச் சொல்வது போல. நான்கு மெல்ல நிமிர்ந்தன. கறுப்பு வால் நிமிரவில்லை. நான் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் நகர்த்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

செத்ததோடு புது வாசல் ஏறக்கூடாது என்று அந்த மரத்தடியிலேயே கரண்டிக் காம்பால் குழி தோண்டிப் புதைத்தாள். குடத்துத் தண்ணீரையும் அங்கேயே கொட்டினாள்.

புது வீட்டை அடைந்தபோது பன்னிரண்டரை. நல்ல ராகு காலம். மீன்களை வெயிலில் ஒன்றரை வரைக்கும் வைத்திருக்க முடியுமா? காலிக் குடம் வண்டியில் கிடக்க, முதலில் நுழைந்தது வஞ்சிர வாடை அடிக்கிற பெட்டி. அவள் வாசலில் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, "நட" என்றாள்.

தொட்டியை வைத்து, மீதிப் பழைய தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். மூடியைத் திறந்து ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பினேன். ஐஸ் கட்டிய பாட்டிலை மூடி கழற்றாமல் மிதக்க விட்டேன், மூலையில், அரை மணிக்கு ஒரு தடவை. உட்கார முடியவில்லை. எழுந்து போய்ப் பார்ப்பேன், வருவேன், மறுபடி போவேன். சமையல் சாமான் எல்லாம் மூட்டையில் கிடக்க, "நீ நடந்து நடந்தே தரை தேஞ்சிடும்யா" என்றாள்.

அடுத்த கவலை சுவர். பழைய வீட்டுச் சுவர் நீலம். இது மஞ்சள். என் நீல லுங்கியைத் தொட்டிக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

ஆறு மணிக்கு மருமகள் வீடியோவில் வந்தாள். சாப்பிட்டீர்களா மாமா என்றாள். தொட்டியைக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"கறுப்பு வாலு எங்க மாமா?"

"கல்லுக்கு பின்னாடி கீது."

"கல்லாண்ட காட்டுங்க."

என் பெண்சாதி என் இடுப்பில் கிள்ளினாள். நான் போனைக் கல் பக்கம் கொண்டுபோனேன். மருமகளிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான். கல்லைக் காட்டி, கல்லுக்குப் பின்னால் காட்டி, அதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை.

"இல்லம்மா" என்றேன். "நான்தான் கொன்னுட்டேன். பித்தளைக் கொடத்துல வெச்சிட்டேன்."

திரையில் அவள் முகம் குனிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "கொடத்துல எதுக்கு மாமா வெச்சீங்க?" அதற்கு நான் பதில் சொல்வதற்குள், "பின்னாடி தொங்குறது உங்க லுங்கிதானே?"

அத்தனையும் சொல்லிவிட்டேன். வீடு, வண்டி, புங்கமரம், ராகு காலம். என் பெண்சாதி தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மருமகள் அழுதுகொண்டேதான் பேசினாள். "ஹாஸ்டல்ல அது கூட மூணு இருந்துச்சு மாமா. துணி போட்டு மூடி மூடி நான்தான் சாவடிச்சேன். அது ஒண்ணுதான் தப்பிச்சுது." மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு வுடாதீங்க. கேட்டா, கொழந்த பொறந்தப்புறம் மாறுனோம்னு சொல்லிக்கலாம். அத்தைக்கும் சொல்லிடுங்க." பிறகு மறுபடி எண்ணினாள், நான்கையும்.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். இப்போது தவழ்ந்து வந்து தொட்டிக் கண்ணாடியில் எச்சில் பூசுகிறது. நான்கு மீனும் இருக்கின்றன. ஐந்தாவது வாங்கலாம் என்றான் மகன். மருமகள் வேண்டாம் என்றுவிட்டாள். அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோவில் போகும்போது புங்கமரம் வந்தால் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். இன்றைக்கும் அப்படித்தான்.

இதை எழுதிக்கொள்கிற நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். இந்தப் பக்கம் மாதத்துக்கு ஒரு வீடு மாறுகிற பிள்ளைகள் நிறைய. கத்திரியில் மீனோடு கிளம்புகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் சொல்லுங்கள்: பித்தளைக் குடம் வேண்டாம், பழைய தண்ணீர் வேண்டும், நாற்றம் பிடித்த பெட்டியானாலும் பரவாயில்லை. வாலாஜாபாத் பக்கமும் சொல்லுங்கள். அங்கே சொல்லும்போது மட்டும், நாங்கள் மாறியது எந்த மாதம் என்பதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.